கிஸ்மிஸ் ஒரு கப்புன்னா எத்தன கிராம்? கேக்குக்கு பழம் வாங்கப் போறதுக்கு முன்னால

தூத்துக்குடில இருந்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊர் பக்கம் கட்டிக் குடுத்த ஒரு புள்ள கேட்டிருந்தா. "அக்கா, இந்த வருசம் கிறிஸ்மஸுக்கு நானே பிளம் கேக் போடலாம்னு இருக்கேன். ரெசிப்பில எல்லாம் கப் கணக்கு. கிஸ்மிஸ் 2 கப், நறுக்குன பேரீச்சம்பழம் 1 கப், சீனில ஊறின ஆரஞ்சு தோல் அரை கப், செர்ரி அரை கப், நறுக்குன முந்திரிப்பருப்பு அரை கப். கடையில கிராம் கணக்குலதான் தருவாங்க. ஒரு கப்புன்னா 240ன்னு போட்டிருக்கு, அப்ப 240 கிராம் வீதம் வாங்கிரலாமா? மாமியாரோட பழைய நோட்டுல வேற ராத்தல், நாழின்னு இருக்கு, முந்திரி 1 நாழின்னு ஒரு வரி கெடக்கு, அது எவ்வளவு?"

வாங்காத மக்ளே. அந்த 240 கிராம் இல்ல, மில்லி. கப்புக்குள்ள எவ்வளவு எடம் இருக்குங்கறதத்தான் அது சொல்லுது, உள்ள போடுற சாமானம் எவ்வளவு கனம்னு சொல்லல. தண்ணிக்கு மட்டும்தான் ரெண்டும் ஒண்ணு, 240 மில்லி தண்ணி 240 கிராம். கிஸ்மிஸ அதே கப்புல அமுக்காம நெறச்சு தராசுல வச்சா 145 கிராம்தான் நிக்கும். நீ சொன்ன பழம் பருப்பு எல்லாம் சேத்தா நாலரை கப், 240 வச்சு பெருக்கினா ஆயிரத்து எம்பது கிராம் வருது. உண்மையில வேண்டியது 680 கிராம் போல. நானூறு கிராம் கூடுதல், காசும் போச்சு கேக்கும் போச்சு.

இத இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நானும் அதே கணக்குல ஏமாந்தவதான். கல்யாணம் ஆன ரெண்டாம் வருசம், சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுக்கணும்னு மூணு கப் கிஸ்மிஸுக்கு 720 கிராம் எடுத்துப் போட்டேன், 435 போட வேண்டிய எடத்துல. சுட்டு எடுக்கும்போது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, மணமும் வந்துச்சு, ஆனா கத்தி வச்ச ஒடனே பொலபொலன்னு உதிந்து போச்சு. மாவு வந்து பழத்த பிடிச்சு நிக்கணும்லா, அவ்வளவு பழத்துக்கு அந்த மாவு எங்க காணும். அழுகையே வந்துட்டு. அன்னைக்கு வாங்குனதுதான் இந்தத் தராசு பழக்கம், இப்போ எத்தனையோ கிறிஸ்மஸ் போயாச்சு, பழத்த நான் கப்புல அளக்கவே மாட்டேன்.

ஏன் இப்பிடி கனம் குறையுதுன்னு ஒருக்கா புரிஞ்சிட்டா அப்புறம் எந்தப் பழத்துக்கும் பயப்பட வேண்டாம். ஒரு கிஸ்மிஸ எடுத்து தம்ளர் தண்ணில போட்டுப் பாரு, அடியில போயிரும். அப்ப தண்ணிய விட அது கனம்தானே? ஆனா ஒரு கப் கிஸ்மிஸ் ஒரு கப் தண்ணிய விட லேசா இருக்கு. இதுக்கு ஒரே காரணம் காத்துதான். சுருங்கி மடிஞ்சு கெடக்குற பழம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி நிக்காது, நடுவுல பூரா எடவெளி, கப்புல பாதிக்குப் பாதி காத்தாத்தான் இருக்கு. அதனாலதான் ஒரே கப், ஒரே கிஸ்மிஸ், நான் அளந்தா ஒரு எடை நீ அளந்தா ஒரு எடை. தூவினாப்புல போட்டு தலைதட்டினா 145. விரல வச்சு அமுக்கி நெறச்சா 165. நம்ம வீடுகள்ல அரிசி அளக்குற மாதிரி கூம்பு வச்சு அளந்தா அதுக்கும் மேல. ரெண்டு கப்புக்கே நாப்பது கிராம் வித்தியாசம் வந்துட்டு பாத்தியா. இதுல யாரும் தப்பு செய்யல, கப்புங்கற அளவே இந்த மாதிரி சாமானத்துக்கு அப்பிடித்தான். பாலு, எண்ணெய்னா கப்புல தாராளமா அள, அதுல காத்துக்கு எடம் இல்ல.

சரி, இப்போ உன் கணக்கு. கிஸ்மிஸ் 2 கப் 290 கிராம். நறுக்குன பேரீச்சம்பழம் 1 கப் 147, நீ 150ன்னே வச்சுக்கோ. ஆரஞ்சு தோல் அரை கப் 85. சீனிப்பாகுல ஊறின செர்ரி நல்ல கனம், அரை கப்புக்கே 100 கிராம் வந்துரும். முந்திரிப்பருப்ப நறுக்கி அரை கப்புன்னா 57 கிராம் போல. முழுப் பருப்பா இருந்தா ஒரு கப் 135க்குப் பக்கம், நறுக்குனா 113தான், ஒடச்ச துண்டு ஏறுக்கு மாறா நிக்கிறதால கொஞ்சம் குறையும். அண்டிப்பருப்பு, அதான் முந்திரிப்பருப்பு, நம்ம ஊர்ல கெடைக்கிற மாதிரி புதுசா வேற எங்க கெடைக்கும், பக்கத்துல அண்டி ஆபீஸ், அதான் முந்திரி ஃபேக்டரி, இருந்தா முழுப்பருப்பு வாங்காத, ரெண்டா பொளந்ததும் ஒடஞ்சதும் வெல குறைச்சுத் தருவாங்க, கேக்குக்கு எப்பிடியும் நறுக்கத்தானே போறோம்.

பேரீச்சம்பழத்துல மட்டும் கொஞ்சம் நிக்கணும், அதுல ரெண்டு குழப்பம் இருக்கு. "நறுக்கின பேரீச்சம்பழம் ஒரு கப்"புன்னு எழுதியிருந்தா நறுக்கிட்டு அளக்கணும். "பேரீச்சம்பழம் ஒரு கப், நறுக்கியது"ன்னு எழுதியிருந்தா முழுசா அளந்துட்டு அப்புறம் நறுக்கணும். வார்த்தை ஒண்ணுதான், எடம் மாறிக் கெடக்கு, ஆனா கைக்கு வர்ற பழம் வேற. இங்கிலீஷ் ரெசிப்பிய நம்ம பாஷைல மாத்திப் போடுறவங்க இத பாக்குறதே இல்ல. ரெண்டாவது, கடையில ரெண்டு தினுசுல வரும், ஒண்ணு உதிரி உதிரியா காஞ்சது, இன்னொண்ணு கொட்டை எடுத்து செங்கல் மாதிரி அமுக்கி வச்சது. அந்த அமுக்கின கட்டிய அப்பிடியே நறுக்கி கப்புல திணிச்சா இருபது முப்பது கிராம் சாதாரணமா ஏறிரும். நறுக்கும்போதே ஒரு கரண்டி மைதா தூவி விரலால உதுத்து விட்டுட்டு அளந்தா கணக்கு சரியா நிக்கும், அந்த மைதாவ கேக் மாவுல இருந்தே எடுத்துக்க, தனியா கூட்டிப் போடாத. கொட்டையோட வாங்குறதா இருந்தா பத்துல ஒரு பங்கு கொட்டைல போயிரும், அதனால 150 வேணும்னா 170 வாங்கு.

மத்தது வேகமா சொல்லிடுதேன், ஒரு கப்புக்கு: அத்திப்பழம் 150, கொட்டை எடுத்த புரூன் (காஞ்ச பிளம்) 174, ரெண்டா பொளந்த ஆப்ரிகாட் 130, கிரான்பெரி 120. புரூன் மெத்துன்னு ஈரமா இருக்கறதால நெருங்கி ஒக்காருது, அதான் கனம். கிரான்பெரி லேசு, அதுக்குள்ளயும் காத்துதான். வெளிநாட்டு ரெசிப்பில சுல்தானான்னு போட்டிருந்தா நம்ம வெளுத்த கிஸ்மிஸ்தான், கரன்ட்ஸ்னு போட்டிருந்தா அது பொடி சைஸ்ல உள்ள கறுப்பு உலர்திராட்சை, அதுவும் ஒரு கப் 144, அதனால அது கெடைக்கலன்னா கறுப்பு கிஸ்மிஸ ரெண்டா மூணா நறுக்கி அதே எடைக்குப் போடு, ஒண்ணும் ஆகாது.

இவ்வளவு நம்பரும் மனசுல நிக்காதுன்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் பிடிச்சுக்க. மில்லிய 0.6ஆல பெருக்கு. கிஸ்மிஸ், பேரீச்சம்பழம், அத்தி மூணும் அந்த கணக்குக்குள்ளயே வந்துரும். இது கப்புக்கு மட்டும் இல்ல, உன் வீட்டு எந்தப் பாத்திரத்துக்கும் ஆகும். காப்பி தம்ளர் 180 மில்லி பிடிக்கும்னா அதுல கிஸ்மிஸ் 108 கிராம். தம்ளர் எத்தன மில்லின்னு எப்பிடி தெரியும்னு கேப்ப. வெறும் தம்ளர தராசுல வச்சு ஜீரோ பண்ணு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்து, எத்தன கிராம் காட்டுதோ அத்தன மில்லி. கடையில வாங்குற பிளாஸ்டிக் கப்பையும் இப்பிடி ஒருக்கா பாத்துரு, ஏன்னா சில செட் 240, சில செட் 250. அமெரிக்கா கப் 237க்குப் பக்கம், ஆஸ்திரேலியாக்காரங்க 250, ஜப்பான் ரெசிப்பின்னா 200. 250 மில்லி கப்புல கிஸ்மிஸ் 153 கிராம் வரும். பழத்துக்கு இந்த ஏழெட்டு கிராம் பெரிய விசயம் இல்ல, ஆனா மைதாவுக்கு பெரிய விசயம், அதனால மைதாவும் பழமும் ஒரே கப்புல அளந்தியான்னு மட்டும் பாத்துக்க. ஒண்ண ஒரு கப்புலயும் இன்னொண்ண இன்னொரு கப்புலயும் அளந்துட்டு அப்புறம் ரெசிப்பிய கொற சொல்லக்கூடாது.

தராசே இல்லன்னாலும் வழி இருக்கு. பாக்கெட்ல எடை அச்சடிச்சு இருக்குல்லா, அதுதான் உன் தராசு. 500 கிராம் கிஸ்மிஸ் பாக்கெட்ட கப்புல அளந்து பாரு, மூணரை கப்புக்கு கொஞ்சம் குறைய வரும். ரெண்டு கப் வேணும்னா பாக்கெட்ல பாதிக்கு கொஞ்சம் மேல எடுத்தா போதும். நாகர்கோவில்ல கோட்டாறு கம்போளத்துலயோ வடசேரி சந்தையிலயோ சில்லறையா வாங்குறதா இருந்தா இன்னும் சுலபம், 290 குடுங்க, 150 குடுங்கன்னு வீட்ல இருந்தே எழுதிக்கொண்டு போ, தனித்தனி கவர்ல போட்டு எடைய மேல எழுதித் தரச் சொல்லு. மார்த்தாண்டத்துலயும் அப்பிடித்தான், கிறிஸ்மஸ் சீசன்ல எல்லாருக்கும் இது பழகின காரியம். வாங்கிட்டு வந்து டப்பாவுல போட்டு இறுக்கி மூடிரு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு நம்ம ஊர்ல உப்பே தண்ணியா ஒழுகும், உலர்ந்த பழம் சும்மா இருக்குமா, ஈரத்த இழுத்து கட்டி பிடிச்சுக்கிடும், அப்புறம் கப்பும் சரியா வராது எடையும் சரியா வராது.

அவுன்ஸ் கணக்குல ஒரு கண்ணி இருக்கு, அதையும் சொல்லணும். ஒரு கப்புன்னா 8 அவுன்ஸ்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது தண்ணி அளக்குற அவுன்ஸ். எடைல உள்ள அவுன்ஸ் வேற, ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். "கிஸ்மிஸ் 8 அவுன்ஸ்"னு பழைய இங்கிலீஷ் ரெசிப்பில பாத்தா அது 227 கிராம், கப்புல ஒண்ணரை கப்புக்கு மேல. ஒரு கப்புன்னு நெனச்சு போட்டா மூணுல ஒரு பங்கு பழம் குறஞ்சு போயிரும்.

இனி ஊறப்போடுற விசயம். இதத்தான் நெறைய பேரு கோட்ட விடுதாங்க. ரெசிப்பில உள்ள எடை எல்லாம் காஞ்ச பழத்துக்கு. ஊறுன பழத்த கப்புல அளந்து போட்டா அது உப்பி பருத்து நிக்குது, எண்ணிக்கைல பழம் குறைவா, ஈரம் கூடுதலா போகும், கேக் நடுவுல வேகாம களி மாதிரி நிக்கும். கழுவுறதா இருந்தாலும் எடை போட்டுட்டு கழுவு, கழுவிட்டு எடை போடாத.

நான் செய்யறது இப்பிடி. வெறும் ஜாடிய மூடி இல்லாம எடை போட்டு அடியில மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். என்னோடது 600 கிராம். ஒரு கிலோ பழம் போட்டு, ரம்மோ திராட்சைச் சாறோ ஊத்தி, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடியுற டிசம்பர் 3க்கு முன்னாலயே ஊறப் போட்டிருவேன். எத்தன மில்லி ஊத்துனேன்னு கணக்கு வைக்க வேண்டாம், ரம் தண்ணிய விட லேசு, சாறு தண்ணிய விட கனம், குழப்பம்தான் மிச்சம். கேக் போடுற அன்னைக்கு கிளறி விட்டுட்டு மொத்த ஜாடிய மூடி இல்லாம எடை பாக்கணும். 1900 காட்டுதுன்னு வை, ஜாடி 600 போக 1300. ஒரு கிலோ பழம் இப்போ 1300 ஆயிருக்கு, அப்ப காஞ்ச பழம் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஊறினது 130 எடுக்கணும். உன் ரெசிப்பில பருப்ப கழிச்சா பழம் 620 கிராம், பருப்ப ஊறப் போடக்கூடாது, சவசவன்னு ஆயிரும். 620க்கு ஊறினது 806, 800ன்னு எடுத்துக்க. அடியில நிக்கிற சாறும் சேத்துத்தான் அந்த எடை, வடிச்சுட்டு எடுத்தா கணக்கு மாறிரும். இல்ல, ஒரே ஒரு கேக்தான் போடப்போறேன்னா இந்தக் கணக்கே வேண்டாம், 620 கிராம் பழத்த எடை போட்டு தனி பாட்டில்ல ஊறவச்சு முழுசா கவுத்துரு.

எங்க அம்மை காலத்துல வீட்ல ஓவன் ஏது, மாவு கலக்கி டின்னுல ஊத்தி பேக்கரி போர்மாவுக்கு, அதான் அவங்க பெரிய அடுப்புக்கு, கொண்டு குடுப்போம், அங்க வேல பாத்த பெரியவரு டின்ன கைல தூக்கிப் பாத்தே பழம் கூடிட்டு அம்மான்னு சொல்லிருவாரு. அந்தக் கை எடை நமக்கு வராது, ஆனா தராசுல நாம போடுற கணக்கும் அதேதான்.

எல்லாத்துக்கும் தராசு தூக்கணும்னு இல்ல. பாயசத்துக்கு நெய்யில வறுத்துப் போடுற கிஸ்மிஸ், கேசரிக்கு மேல தூவுறது, இதெல்லாம் ஒரு பிடி ரெண்டு பிடி போதும், ஒரு மேசைக்கரண்டி 9 கிராம்னு தெரிஞ்சா சரி. அதே மாதிரி கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் பொடிய வீட்டுத் தராசுல நிறுக்காத, ஒண்ணு ரெண்டு கிராமுக்கு அந்தத் தராசு சரியா காட்டாது, அதுக்கு கரண்டிதான் நல்லது. நம்ம மாவட்டத்து மாறாமலை கிராம்பு கெடச்சா சொன்ன அளவுல கொஞ்சம் கொறச்சே போடு, நல்ல காரம்.

கடைசியா உன் மாமியார் நோட்டு. அது என்னோட மனசுக்குப் பிடிச்ச விசயம், பத்திரமா வச்சுக்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சில இருந்து பிரிஞ்சு மெட்ராஸ் மாநிலத்தோட சேந்தது 1956 நவம்பர் 1ல. கிலோ கிராம் படிக்கல்லு நாட்டுல வரத் தொடங்குனது 1958ல. அதுக்கு முன்னால சமைக்கக் கத்துக்கிட்டவங்க வாயில ராத்தலும் நாழியும்தான், பின்னால ரொம்ப வருசத்துக்கும் அதத்தான் எழுதினாங்க. ராத்தல் எடை. ஒரு ராத்தல் ஒரு பவுண்டு, 454 கிராம். கிஸ்மிஸ் ஒரு ராத்தல்னா நம்ம கப்புல மூணு கப்பும் கொஞ்சமும், அமுக்கினா ரெண்டேமுக்கால்.

நாழி எடை இல்ல, அது கொள்ளளவு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி. ஆனா நாழி ஊருக்கு ஊரு மாறும், நம்ம பக்கத்து நாழி சின்னது, மெட்ராஸ் பக்கத்துப் படி பெருசு, அதனால புத்தகத்துல உள்ள லிட்டர் கணக்க பாத்து மாத்தாத. உங்க வீட்டு பரண்ல அந்த நாழி கெடக்கும், தேடு. தண்ணி ஊத்தி எடை பாத்து 0.6ஆல பெருக்கு. எங்க வீட்டு நாழி 300 மில்லிக்கு கொஞ்சம் மேல பிடிக்குது, அதுல கிஸ்மிஸ் 185 கிராம் போல வருது.

அந்த "முந்திரி 1 நாழி"ய மட்டும் அண்டிப்பருப்புன்னு எடுத்துராத. தூத்துக்குடில முந்திரின்னா பருப்பு, ஆனா மலையாளத்துல முந்திரின்னா திராட்சை, உணக்க முந்திரின்னா கிஸ்மிஸ். நம்ம மேக்குப் பக்கம் களியக்காவிளை, கருங்கல்னு பழைய ஆளுங்க ரெண்டு பாஷையும் கலந்துதான் எழுதுவாங்க. அதே நோட்டுல வேற பக்கத்துல அண்டின்னோ அண்டிப்பருப்புன்னோ எழுதியிருக்காங்களான்னு பாரு. எழுதியிருந்தா இந்த முந்திரி கிஸ்மிஸ்தான், சந்தேகமே வேண்டாம். எழுதலன்னா கேக்குல வேற எடத்துல கிஸ்மிஸ் வருதான்னு பாரு, பழமே இல்லாம வெறும் பருப்பு மட்டும் ஒரு நாழி போட்டு யாரும் கிறிஸ்மஸ் கேக் சுடமாட்டாங்க. மாமியார் பக்கத்துல இருந்தா அவங்ககிட்டயே நோட்ட விரிச்சு கேளு, நாழிய எங்க வச்சிருக்காங்கன்னும் சேத்துக் கேட்டுரு.